வீட்டில் ஏற்றிய விளக்கு, வெளியூர்க் காற்றில்

புதுக்கோட்டை மாவட்டத்தின் வடபகுதியில் உள்ள ஆவூரைக் கேள்விப்படாத கத்தோலிக்கக் குடும்பம் நம் பக்கத்தில் இராது. பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் சேசு சபைக் குருவான பூஷே அடிகளார் கால்கொண்ட மறைத்தளம் அது. வீரமாமுனிவர் பணிபுரிந்த மண் அது. உயிர்ப்புப் பெருவிழாவை அடுத்து அங்கே நடைபெறும் பாஸ்கா நாடகத்துக்கும் தேர்த்திருவிழாவுக்கும் வெளியூர் சென்ற பிள்ளைகள் வீடு திரும்புவர். சென்னையிலிருந்து வருவோர், திருப்பூரிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் வருவோர், விடுமுறை வாய்த்தால் சிங்கப்பூரிலிருந்து வருவோர் எனத் தெருவெல்லாம் இளமுகங்களாய் இருக்கும். பெற்றோருக்கு அந்நாள்களில் உண்டாகும் பூரிப்புக்கு அளவேது?

ஆயினும், எந்த ஊர்த் திருவிழாவாயினும், உற்று நோக்குவோர் கண்ணுக்கு வேறொன்றும் தப்புவதில்லை. தேர் நகரும்போது தோள்கொடுக்க முந்துகிற இளைஞன், அதற்கு முன் நடந்த திருப்பலியின்போது ஆலயத்துக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றிருப்பான். பங்குத்தந்தை அதைப் பார்த்திருப்பார்; பெற்ற தாயும் பார்த்திருப்பாள். கேட்டால் அத்தாய் சொல்லும் மறுமொழியை நம் பங்குத்தந்தையர் பலரும் கேட்டுப் பழகியிருக்கின்றனர். "நல்ல பிள்ளைதான் சாமி. குடி கிடையாது, மாசாமாசம் பணம் அனுப்புறான். கோயிலுக்குப் போறதை மட்டும் விட்டுட்டான்." இந்த 'மட்டும்' என்னும் சொல்லைப் பற்றியே இம்மாதம் நம் குடும்பங்களோடு சிறிது சிந்திக்க விரும்புகிறோம்.

நம் மாவட்டம் மழையை நம்பி வாழும் மாவட்டம். கண்மாய் நிறைந்தால் நெல். நிறையாவிட்டால் கடலையோ கூலிவேலையோதான். 2018 நவம்பர் 16-ஆம் நாள் கரையைக் கடந்த கஜா புயல், ஆலங்குடி, அறந்தாங்கிப் பக்கங்களில் தலைமுறையாய் வளர்த்த தென்னைகளை ஒரே இரவில் சாய்த்துப் போட்டது. பிள்ளைகள் பிழைப்புக்காகவும் படிப்புக்காகவும் ஊரைவிட்டுப் புறப்படுவதை எவரும் குறைகூற இயலாது. பதினெட்டு வயதில் ஒரு பெட்டியும் ஒரு கைப்பேசியுமாய்ப் பேருந்து ஏறுகிறார்கள். பெட்டியில் அம்மா வைத்த செபமாலை இருக்கும். முதல் மாதம் அது தலையணைக்கு அடியில் கிடக்கும். ஆறாம் மாதம் பெட்டிக்குள்ளேயே தங்கிவிடும்.

இவர்களுள் எவரும் ஒருநாள் காலையில் எழுந்து, "இன்று முதல் நான் விசுவசிக்கமாட்டேன்" என்று தீர்மானிப்பதில்லை. ஞாயிறன்று வேலை என்றார்கள். ஆலயம் எங்கே என்று தெரியவில்லை. அறைத் தோழர்கள் உறங்கும்போது தான் மட்டும் எழுந்து புறப்படக் கூச்சமாயிருந்தது. உணவுக்குமுன் சிலுவை அடையாளம் வரைந்தபோது எவனோ சிரித்தான். இவ்வளவே. விசுவாசத்தின்மீது எழுகின்ற ஐயங்களைவிட இந்தக் கூச்சமே நம் பிள்ளைகள் பலரை வீழ்த்துகிறது என்பது நம் கருத்து. ஐயம் உள்ளவன் கேள்வி கேட்பான். கேட்பவனுக்கு விடை சொல்லலாம். கூச்சப்படுகிறவனோ ஒன்றும் கேட்பதில்லை. மெல்ல விலகிப் போகிறான்.

உறுதிபூசுதலின்போது ஆயர் நம் நெற்றியில் கிறிஸ்மா தைலம் பூசித் தூய ஆவியின் கொடைகளை வேண்டினார். அக்கொடைகள் ஏழையும் மறைக்கல்வி வகுப்பில் வரிசை தவறாமல் ஒப்பித்த பிள்ளைகள்தாம் இவர்கள். அவ்வரிசையில் திடம் என்று ஒன்று உண்டு. மறைசாட்சிகளுக்கு மட்டும் வேண்டியது அது என்று எண்ணிவிடுகிறோம் போலும். விடுதி அறையில் பிறர் காண முழந்தாளிடுவதற்கும் அதே திடம்தான் வேண்டும்.

இதற்குப் புனித அருளானந்தரின் வாழ்வைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு நமக்கு இல்லை. அவர் தலை வெட்டுண்ட ஓரியூர், நம் மாவட்டத்தின் தென்கிழக்கு எல்லையைத் தாண்டினால் எட்டிவிடும் தொலைவில் இருக்கிறது. அவரைச் சிறைப்பிடித்த கிழவன் சேதுபதியும் நமக்கு அயலார் அல்லர். புதுக்கோட்டைத் தொண்டைமான் மரபின் முதல்வரான இரகுநாதத் தொண்டைமானின் உடன்பிறந்தாளை மணந்தவரும், அவருக்குப் புதுக்கோட்டைப் பகுதியின் ஆட்சியை அளித்தவரும் அவரே. ஆதலால் அருளானந்தரின் வரலாறு நம் மண்ணின் வரலாற்றோடு பின்னிக் கிடப்பது. ஆனால் நாம் வழக்கமாய் ஓரியூரின் செம்மண்ணை மட்டும் பேசுகிறோம். அத்தகைய முடிவுக்கு ஒருவரைக் கொண்டுவந்து சேர்த்த இளமையைப் பேசுவதில்லை.

அவர் 1647 மார்ச் முதல் நாள் லிஸ்பன் நகரில் உயர்குடியில் பிறந்தார். தந்தை அரசுப் பணியின் பொருட்டுப் பிரேசில் நாட்டுக்கு அனுப்பப்பட்டு அங்கேயே இறந்தார். அப்போது அருளானந்தர் சிறு குழந்தை. தாயே வளர்த்தார். சிறுவனாய் இருக்கும்போதே அரண்மனையில் பணிச்சிறுவனாகச் சேர்க்கப்பட்டு, இளவரசர் பேதுருவின் தோழனாய் வளர்ந்தார். அரண்மனை என்றால் எப்படிப்பட்ட இடம் என்று சொல்ல வேண்டுவதில்லை. விருந்தும் வேடிக்கையும் வீண்பேச்சும் மலிந்த சூழலில், செபத்தில் நாட்டமுள்ள சிறுவனைச் சக பணிச்சிறுவர்கள் எள்ளி நகையாடினர் என்று அவர் வரலாறு கூறுகிறது. இக்காலத்துக் கல்லூரி விடுதியில் நடப்பதும் ஏறத்தாழ இதுவே அன்றோ?

ஒருமுறை அவர் கடும் நோயுற்றார். தாய் புனித சவேரியாரிடம் நேர்ந்துகொண்டார். மகன் பிழைத்தால் ஓராண்டுக் காலம் சேசு சபையாரின் உடையை அணிவிப்பதாக வாக்களித்தார். மகன் பிழைத்தான், உடையும் அணிந்தான். பட்டாடை உடுத்தோர் நடுவே அந்த எளிய கறுப்பு அங்கியோடு ஓராண்டு முழுவதும் நடமாடினான். நம் வேளாங்கண்ணி யாத்திரையில் காவி உடுத்திச் செல்லும் சிறுவர்களைப் பார்க்கிறோம். அவர்களைச் சுற்றிலும் காவி உடுத்தோரே இருக்கின்றனர். அரண்மனையில் அச்சிறுவன் தனியனாய் நின்றான். உள்ளத்தில் உள்ளதை வெளியே காட்டுவதற்கு வெட்கப்படாமல் இருக்க அவன் பழகிக்கொண்டது அந்த ஓராண்டில்தான் என்று நமக்குத் தோன்றுகிறது.

1662 டிசம்பர் 17-ஆம் நாள், பதினைந்து வயதில், சேசு சபையின் நவதுறவியர் இல்லத்தில் சேர்ந்தார். அதன்பின் நடந்ததைப் பெற்றோர் கருத்தூன்றிப் படிக்கவேண்டும். சவேரியாரிடம் நேர்ந்துகொண்ட அதே தாய், மகன் சவேரியாரைப்போல் இந்தியாவுக்குப் போகப்போகிறான் என்றறிந்தபோது கலங்கிவிட்டார். மகனைத் தடுத்து நிறுத்தத் திருத்தந்தையின் தூதர் வரை சென்று முயன்றார். நாம் அத்தாயைக் குறைகூறமாட்டோம். கணவனைக் கடலுக்கு அப்பால் பறிகொடுத்தவர் அவர். எனினும் பிள்ளையை விசுவாசத்தில் வளர்ப்பது ஒன்று. அவ்விசுவாசம் பிள்ளையை எங்கே அழைத்துச் செல்கிறதோ அங்கே போகவிடுவது வேறொன்று. முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதில் இடறுகிற பெற்றோர் நம்மிடையிலும் உள்ளனர். மகள் துறவு வாழ்வை விரும்பினாலும், மகன் வரதட்சணை வேண்டாம் என்று உறுதியாய் நின்றாலும், முதலில் குறுக்கே நிற்பது வீடாகவே இருந்துவிடுகிறது.

1673-இல் கப்பலேறிய அருளானந்தர், அடுத்த ஆண்டில் மதுரை மறைத்தளத்துக்கு வந்து சேர்ந்தார். பண்டாரசாமியாய்க் காவி உடுத்து, புலால் நீக்கி, நம் மக்களின் மொழியில் பேசி, நம் மக்களைப்போல் தரையில் அமர்ந்து உண்டார். 1686-இல் மறவர் சீமையில் பிடிபட்டு வதைக்கப்பட்டார், பின்னர் விடுவிக்கப்பட்டார். அதன்பின் மறைத்தள அலுவலாய் ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்டார். அவர் வாழ்வின் மிகப் பெரிய சோதனை இங்கேதான் வந்தது என்று நாம் கருதுகிறோம். பழைய விளையாட்டுத் தோழர் பேதுரு இப்போது போர்த்துக்கல் நாட்டு மன்னர். நண்பரைத் தம்மோடு நிறுத்திக்கொள்ளவும், தம் மகனுக்கு ஆசிரியராக்கவும் மன்னர் விரும்பினார். தாய்நாடு, மன்னரின் நட்பு, மதிப்புமிக்க பதவி, பாவமற்ற பணி ஆகிய எல்லாம் ஒருங்கே கிடைத்தன. நாற்பது வயதைக் கடந்தவர். ஏற்றுக்கொண்டிருந்தால் எவரும் பழித்திருக்கமாட்டார்கள். அவரோ 1690-இல் மீண்டும் இந்தியாவுக்கு வந்து சேர்ந்தார். வதைப்பவனை எதிர்த்து நிற்பதினும் அன்போடு அழைப்பவனுக்கு மறுப்புச் சொல்வது கடினம் என்பதை அனுபவமுள்ளோர் அறிவர்.

முடிவு நாம் அறிந்ததே. தடியத்தேவர் என்னும் மறவர் குலத் தலைவர் திருமுழுக்குப் பெற்றார். மனைவியர் பலரை உடைய அவர், ஒருவரை மட்டும் வைத்துக்கொண்டு ஏனையோரை விலக்கினார். விலக்கப்பட்டோருள் ஒருவர் சேதுபதிக்கு உறவினர். அதன் விளைவாய் 1693 ஜனவரியில் அருளானந்தர் சிறைப்பட்டார். அவ்வாண்டு பிப்ரவரி 4-ஆம் நாள் ஓரியூரில் வெட்டுண்டார். 1947 ஜூன் 22-ஆம் நாள் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் அவரைப் புனிதராக அறிவித்தார். அரண்மனையில் கேலிக்கு அஞ்சாத சிறுவனும் ஓரியூரில் வாளுக்கு அஞ்சாத குருவும் ஒருவரே என்பதுதான் நாம் சுட்ட விரும்புவது.

நல்ல வளர்ப்பு அமைந்தவருக்கு இது எளிது. எங்கள் வீட்டில் அப்படியில்லையே என்று வருந்தும் தாய்மாரும் இதைப் படிக்கக்கூடும். குடிக்கு அடிமையான தந்தையோ, கோயில்பக்கம் எட்டிப்பாராத தந்தையோ உள்ள வீடுகள் நம் பங்குகளில் குறைவல்ல. அவர்கள் திமொத்தேயுவை நினைத்துக்கொள்ளட்டும். அவருடைய தந்தை கிரேக்கர். விசுவாசத்தை ஊட்டியவர்கள் பாட்டி லோயியும் தாய் யூனிக்கியுமே. பவுலடியார் அவருக்கு எழுதிய கடிதத்தில் அவ்விரு பெண்களையும் பெயர் சொல்லி நினைவுகூர்ந்துவிட்டு, உடனேயே கோழையுள்ளம் கூடாது என்று துணிவூட்டுகிறார். வீட்டு வளர்ப்பையும் இளைஞனுக்குரிய துணிவையும் அவர் அடுத்தடுத்து வைத்துப் பேசுவது தற்செயல் அன்று.

நம் காலத்துக்கு அண்மையில் இன்னொருவர் இருக்கிறார். 2025 செப்டம்பர் 7-ஆம் நாள், திருத்தந்தை பதினான்காம் லியோ, சிறுவர் கார்லோ அக்கூத்திசுடன் புனிதராக அறிவித்த பியர் ஜார்ஜோ பிரசாத்தி. 1901-இல் இத்தாலியின் தூரின் நகரில் பிறந்தவர். தந்தை 'லா ஸ்டாம்பா' என்னும் புகழ்பெற்ற நாளிதழை நிறுவியவர். பின்னர் ஜெர்மனியில் தூதராய் இருந்தவர். கடவுள் நம்பிக்கையில் பற்றில்லாதவர். பெற்றோரிடையே ஒற்றுமையும் இல்லை. அவ்வீட்டில் வளர்ந்த மகன் நாள்தோறும் நற்கருணை உட்கொண்டார். வின்சென்ட் தே பவுல் சபையில் சேர்ந்து ஏழைகளின் குடிசைகளைத் தேடிச் சென்றார். மலையேற்றத்திலும் பெருவிருப்பம் கொண்டவர். சுரங்கத் தொழிலாளருக்குத் துணையாய் இருக்கவேண்டும் என்பதற்காகவே சுரங்கப் பொறியியல் படித்தார். பக்தியுள்ள இளைஞன் முகம் வாடி, தோள் கூனி இருப்பான் என்று எண்ணுவோர் அவருடைய மலையேற்றப் படங்களைப் பார்க்கவேண்டும்.

1921-இல் உரோமையில் கத்தோலிக்க இளைஞர் ஊர்வலமாய்ச் சென்றபோது, காவலர் பாய்ந்து கொடிகளைப் பறித்தனர். பிரசாத்தி தம் கொடியை விடவில்லை, பிடிபட்டார். தூதரின் மகன் என்று தெரிந்ததும் அவரை மட்டும் விடுவிக்க முன்வந்தனர். தோழர்களை விடுவிக்காமல் தாம் போவதற்கில்லை என்று அவர் மறுத்துவிட்டார். தந்தையின் பெயரைச் சொல்லித் தப்பித்துக்கொள்ளும் வாய்ப்பு நம் நாட்டில் எத்தனை பேருக்குக் கிடைக்கிறது, எத்தனை பேர் வேண்டாம் என்கிறார்கள் என்பதை வாசகரே எண்ணிப் பார்க்கலாம். 1925 ஜூலை 4-ஆம் நாள், இளம்பிள்ளை வாத நோயால் தமது 24-ஆம் வயதில் அவர் இறந்தார். அடக்கத்துக்குத் திரண்ட ஏழைகளின் கூட்டத்தைக் கண்டபிறகே, தங்கள் மகன் யார் என்பதைப் பெற்றோர் அறிந்தனர்.

இனி, நம் வீட்டுக் காரியத்துக்கு வருவோம். நம் இளைஞரிடம் துணிவு எங்கெங்கே கேட்கப்படுகிறது? சிலவற்றை விரைந்து சொல்லிவிடலாம். அலுவலகத்தில் கையூட்டில் பங்கு வாங்க மறுப்பது; சம்பள நாளின் குடிவிருந்தில் கிண்ணத்தைத் தள்ளிவைப்பது; பெண் பார்க்கும்போது நகையைப் பற்றிப் பேசாதிருப்பது; பிற சமயத்தவரை மணக்க விரும்பினால் அதை மறைக்காமல் பங்குத்தந்தையிடம் முன்கூட்டியே சொல்லி, ஆயரின் இசைவைப் பெற்று, விசுவாசத்தில் நிலைத்திருக்கவும் பிள்ளைகளை விசுவாசத்தில் வளர்க்கத் தம்மால் இயன்றதைச் செய்யவும் திருச்சபை கேட்கும் வாக்கை மனமாரத் தருவது. இவையெல்லாம் மேடைகளில் பலமுறை கேட்டவை. ஆனால் மேடையில் நாம் அதிகம் பேசாத ஒன்று உண்டு. அதைச் சற்று விரித்துச் சொல்லவேண்டும்.

அது சான்றிதழ். தாழ்த்தப்பட்டோர் குடியில் பிறந்த கத்தோலிக்க மாணவன், கல்லூரிக்கோ அரசு வேலைக்கோ விண்ணப்பிக்கும்போது, சமயம் என்னும் இடத்தில் 'கிறிஸ்தவம்' என்று எழுதினால் ஒன்று, 'இந்து' என்று எழுதினால் வேறொன்று. 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் இனத்தவருக்குரிய உரிமைகளை இந்துக்களுக்கு மட்டும் உரியனவாக்கிற்று. 1956-இல் சீக்கியரும், 1990-இல் பௌத்தரும் அதில் சேர்த்துக்கொள்ளப்பட்டனர். கிறிஸ்தவர் சேர்க்கப்படவில்லை. தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்பட்டுள்ளனர். சென்னையில் சாலையோரம் செருப்புத் தைத்த ஒரு கிறிஸ்தவத் தொழிலாளி தொடுத்த வழக்கை உச்ச நீதிமன்றம் 1985-இல் தள்ளுபடி செய்தது. இரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007-இல் இந்தச் சமயத் தடையை நீக்கலாம் என்று பரிந்துரைத்தும் ஆணை மாறவில்லை. 2022-இல் இதை ஆராய நீதிபதி கே. ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் மற்றோர் ஆணையம் அமைக்கப்பட்டது.

2024 நவம்பர் 26-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு ஒன்று நம் குடும்பங்கள் அறியவேண்டியது. புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு பெண், குழந்தைப் பருவத்திலேயே திருமுழுக்குப் பெற்றவர், அரசு எழுத்தர் பணிக்காகத் தம்மை இந்து என்று கூறிப் பட்டியல் இனச் சான்று கேட்டார். நடைமுறையில் கிறிஸ்தவ விசுவாசத்தைக் கடைப்பிடித்துக்கொண்டு, வேலைக்காக மட்டும் இந்து என்று உரிமை கோருவது ஏற்கத்தக்கதன்று என நீதிமன்றம் மறுத்துவிட்டது.

இதைப் படித்தவுடன், "பொய் சொன்னால் இப்படித்தான்" என்று தீர்ப்புக் கூறப் புறப்படுவோரிடம் நமக்கு ஒரு வார்த்தை உண்டு. கொஞ்சம் பொறுங்கள். சாதியின் கொடுமை, திருமுழுக்குத் தொட்டியில் கரைந்துபோகவில்லை. அதே சேரி, அதே வறுமை, அதே இழிசொல். இவ்வளவும் இருக்க, உதவி மட்டும் இல்லை என்று சட்டம் சொல்லும்போது, பதினேழு வயதுப் பிள்ளை பேனாவைக் கையில் பிடித்துக்கொண்டு அந்த ஒரு சொல்லை எழுதுவதற்குள் அடைகிற வேதனை, மற்றச் சாதிகளில் பிறந்த நம்மில் எவருக்கும் நேர்ந்ததில்லை. 'கிறிஸ்தவம்' என்று எழுதும் ஒவ்வொரு முறையும் அவன் விலை கொடுக்கிறான். மருத்துவக் கல்லூரி இடமாகவோ, வருவாய்த்துறை வேலையாகவோ, கல்வி உதவித்தொகையாகவோ அது கணக்கில் எழுதப்படுகிறது. நம் மறைமாவட்டங்களில் அருளானந்தரின் வாரிசு யார் என்று கேட்டால், நாம் முதலில் இப்பிள்ளைகளையே சுட்டுவோம்.

அப்பிள்ளை விலை கொடுத்துத் தேர்ந்துகொண்ட திருச்சபையில் அவனுக்கு என்ன கிடைக்கிறது? சில ஊர்களில் கல்லறைக்கு நடுவே சுவர். சில ஊர்களில் தேர் அவன் தெருவுக்கு வருவதில்லை. திருவிழாவுக்கு அவன் தரும் வரியை வாங்குவதா இல்லையா என்பதில் வழக்கு. இதையெல்லாம் வைத்துக்கொண்டு, "நம் இளைஞர் ஏன் விசுவாசத்தில் நிலைப்பதில்லை" என்று கருத்தரங்கு நடத்துவது நமக்கே வெட்கமாய் இல்லையா? இந்திய ஆயர் பேரவை 2016 டிசம்பரில் தலித் மக்களின் மேம்பாட்டுக்கான கொள்கை ஆவணத்தை வெளியிட்டு, திருச்சபைக்குள் சாதிப் பாகுபாடு பாவமே என்று திட்டவட்டமாய்க் கூறியிருக்கிறது. உயர்சாதியில் பிறந்த கத்தோலிக்க இளைஞனுக்கும் இங்கே துணிவுக்கு இடம் உண்டு. தன் உறவினர் கூடிய பங்குக் கூட்டத்தில் எழுந்து, "அந்தச் சுவரை இடியுங்கள்" என்று சொல்லட்டும். ஞாயிறு தவறாமல் திருப்பலி காண்பதைவிட அதற்கு அதிக நெஞ்சுரம் வேண்டும்.

பெற்றோருக்குச் சில சொற்கள். குடும்பம் இல்லத் திருச்சபை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் அழைத்தது. பிள்ளைகளுக்கு முதல் ஆசிரியர் பெற்றோரே என்றும் கற்பித்தது. இதைக் கேட்டுவிட்டு மறைக்கல்வி ஆசிரியரிடமும் கன்னியரிடமும் பிள்ளையை ஒப்படைத்துவிட்டு நாம் தொலைக்காட்சி முன் அமர்ந்தால், பிள்ளை கற்றுக்கொள்வது தொலைக்காட்சியைத்தான். இரவுச் செபமாலையில் தந்தை இருக்கிறாரா என்பது பிள்ளைகளுக்கு மறக்காது. அம்மாவும் பாட்டியும் மட்டும் சொல்லும் செபத்தை, வளர்ந்த ஆண்மகன் பெண்பிள்ளைகளின் காரியம் என்று ஒதுக்கிவிடுகிறான். தந்தை முழந்தாளிடுவதைக் கண்ட மகனுக்கு விடுதியில் முழந்தாளிடக் கூச்சம் வருவது அரிது.

அடுத்தது, கேள்விகள். வளர்ந்த பிள்ளை, "கடவுள் இருந்தால் புயலில் நம் தோப்பு ஏன் அழிந்தது?" என்று கேட்டால் வாயில் அடிக்காதீர்கள். விடை தெரியாவிட்டால் தெரியவில்லை என்று சொல்லுங்கள். பங்குத்தந்தையிடம் அழைத்துப் போங்கள். யோபுவும் கேட்டார், ஆண்டவர் அவரைத் தள்ளிவிடவில்லை. வீட்டில் கேட்க விடாத கேள்வியை வெளியூரில் கேட்பான். அங்கே விடை சொல்பவர் எவர் என்று நமக்குத் தெரியாது.

துணிவு என்றால் சண்டைக்கு நிற்பதன்று என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டும். பாபிலோனுக்கு நாடுகடத்தப்பட்ட தானியேலும் தோழர்களும் ஒருவகையில் விடுதி மாணவர்களே. அரசன் உணவால் தங்களைத் தீட்டுப்படுத்த அவர்கள் விரும்பவில்லை. அதற்காக உணவுத் தட்டை வீசி எறியவில்லை. மேற்பார்வையாளரிடம் பணிவோடு பேசி, பத்துநாள் காய்கறி உணவு தந்து சோதித்துப் பார்க்க வேண்டினர். நம் பிள்ளை மேலாளரிடம், "ஐயா, ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் விடுங்கள், மாலையில் கூடுதலாய் வேலை செய்து தருகிறேன்" என்று கேட்கலாம். கேட்ட பலருக்குக் கிடைத்திருக்கிறது. கிடைக்காவிடில் சனிக்கிழமை மாலைத் திருப்பலியும் ஞாயிறு கடனை நிறைவேற்றும் என்பது திருச்சபைச் சட்டம். உண்மையிலேயே இயலாதவனைத் திருச்சபை குற்றவாளி ஆக்குவதில்லை. இதை எடுத்துச் சொல்லாததால், ஒரு ஞாயிறு தவறியவன் தன்னைப் பெரும்பாவி என்றெண்ணி, வெட்கத்தால் மறு ஞாயிறும் தவறிவிடுகிறான்.

பிள்ளை புறப்படும் முன்னரே செய்யத்தக்கது ஒன்றுண்டு, இதற்குச் செலவில்லை. அவன் போகும் ஊரில் ஆலயம் எங்கே, தமிழ்த் திருப்பலி எத்தனை மணிக்கு என்பதை நாமே விசாரித்து எழுதிக் கொடுக்கலாம். சிங்கப்பூர் போகிற பிள்ளைக்கு ஓபிர் சாலையில் லூர்து அன்னை ஆலயம் இருக்கிறது. 1888-இல் தமிழர்க்கென எழுந்த அவ்வாலயத்தில் இன்றும் தமிழ்த் திருப்பலி உண்டு. வளைகுடா நாடுகளில் வெள்ளிக்கிழமையிலேயே திரளான மக்கள் திருப்பலிக்குக் கூடுகின்றனர். கோயம்புத்தூரானாலும் சென்னையானாலும் அங்கே ஒரு பங்கு, ஓர் இளைஞர் மன்றம், ஒரு வின்சென்ட் தே பவுல் சபை இராமற்போகாது.

பங்குத்தந்தையிடம் கேட்டால் அறிமுகக் கடிதம் தருவார். திருமுழுக்கு, உறுதிபூசுதல் சான்றிதழ்களின் படியும் தருவார். பள்ளிச் சான்றிதழ்களை வைக்கும் கோப்பிலேயே அவற்றையும் வைத்து அனுப்புங்கள். போய்ச் சேர்ந்த முதல் ஞாயிறன்று, அக்கடிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு அங்குள்ள குருவைப் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். அன்று மாலை தொலைபேசியில் பேசும்போது, சாப்பிட்டாயா என்று கேட்டபிறகு, சாமியாரைப் பார்த்தாயா, அவர் பெயர் என்ன என்று கேளுங்கள்.